கால் எரியுது, ட்ரைகிளிசரைடு 310: எதை முதலில் பிடிப்பது?

வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 26 வருடம் வேலை பார்த்தேன். எடுத்த ரத்தத்தை மெஷினில் சுழற்றி எடுத்தால், சிவப்பு அடியில் தங்கி, மேலே நீர் தெளிந்து நிற்கும். அந்த நீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். சிலருடைய குழாயில் மட்டும் பாலைக் கலக்கி ஊற்றியதுபோல் வெள்ளையாக நிற்கும். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாக ஏறினால் அப்படி ஆகும். அந்தக் குழாய்க்கு உரியவர் மாலையில் ரிப்போர்ட் வாங்க வரும்போது முதல் கேள்வி, "சுகர் எவ்ளோங்க?" அடுத்த கேள்வி, "ராத்திரியில பாதம் எரியுது, எறும்பு ஊறுற மாதிரி இருக்குது, அதுக்கு எதுனா டெஸ்ட் இருக்குதா?" அந்த வெள்ளை நீரைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சுகர் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது, ட்ரைகிளிசரைடு 300-ஐத் தாண்டியிருக்கிறது, கால் எரிகிறது. டாக்டர் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதியிருக்கிறார். மருந்துக்கடையில் நரம்பு மாத்திரை கொடுக்கிறார்கள். மகன் மீன் எண்ணெய் காப்ஸ்யூல் வாங்கி வந்திருக்கிறான். பக்கத்து வீட்டு அண்ணன் சுகரைக் குறைத்தால் போதும் என்கிறார். இதில் எதைச் செய்வது?

நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒவ்வொரு வழியும் உண்மையில் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

## கொழுப்புக்கும் கால் நரம்புக்கும் என்ன தொடர்பு?

பாதத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பு செல் இருப்பது இடுப்புப் பக்கம், முதுகுத்தண்டை ஒட்டி. அங்கிருந்து அதன் வால் கால் விரல் நுனிவரை நீள்கிறது. ஒரே செல்தான், ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். அந்த நீளம் முழுக்க சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நகர்ந்து போய்ச் சேர வேண்டும். நம் வட ஆற்காட்டு ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மதகில் வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல். நரம்புக்குக் கடைமடை கால் விரல். எரிச்சலும் மதமதப்பும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுவது அதனால்தான்.

இதில் சர்க்கரை ஒரு காரணம். ரத்தக் கொழுப்பு இன்னொன்று என்று இப்போது ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. நரம்புப் பாதிப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்த 427 பேரின் கால் நரம்பிலிருந்து எடுத்த மாதிரிகளை, ஒரு வருட இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு நரம்பு இழைகள் வேகமாக அழிந்திருந்தன, சிலருக்கு அவ்வளவு இல்லை. சுகர் எத்தனை வருடமாக இருக்கிறது, எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது, வயது என்ன என்பதையெல்லாம் தாண்டி இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் காட்டியது தொடக்கத்தில் இருந்த ட்ரைகிளிசரைடு அளவு. அதற்கு முன்பே, 2005-ல், டைப் 1 சர்க்கரை (உடலில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் வகை) உள்ள ஐரோப்பிய நோயாளிகளை 7 வருடத்துக்கு மேல் தொடர்ந்த யூரோடயாப் ஆய்விலும் ட்ரைகிளிசரைடு, உடல் பருமன், புகை, ரத்த அழுத்தம் எல்லாம் நரம்புப் பாதிப்போடு சேர்ந்தே வந்தன.

சேர்ந்து வருவது வேறு, அதுவே காரணம் என்பது வேறு. ட்ரைகிளிசரைடைக் குறைத்தால் நரம்பு பிழைக்கும் என்று ஒரு பெரிய மருந்துச் சோதனை நேராக நிரூபித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நமக்கு இது கூடுதல் கவலை. ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை ஆய்வில், தமிழ்நாடும் சேர்ந்த முதல் கட்டத்தில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். அதிகம் இருந்தவர்கள் 11.8 சதவீதம்தான். ட்ரைகிளிசரைடு அதிகம் இருந்தவர்கள் 29.5 சதவீதம். நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம். "மொத்தக் கொலஸ்ட்ரால் 180தான், நார்மல்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது?

நான்கு கேள்விகள் போதும்.

- நரம்பு கெடுவதை இது மெதுவாக்குமா, அல்லது எரிச்சலை மட்டும் மறைக்குமா?
- மாரடைப்பு, பக்கவாதத்திலிருந்து காப்பாற்றுமா? (சுகர் உள்ளவர் உயிரை அதிகம் எடுப்பது இதுதான்.)
- கடை பில்லில் தெரியாத செலவு என்ன? கூடுதல் டெஸ்ட், பக்கவிளைவு, வேறு மாத்திரையோடு மோதல் எல்லாம் இதில் அடங்கும்.
- ஐந்து வருடம் விடாமல் செய்ய முடியுமா?

இதற்கெல்லாம் முன்னால், கையில் இருக்கும் எண் சரிதானா என்று பாருங்கள். திங்கட்கிழமை காலையில் வரும் குழாய்கள் எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். ஞாயிறு இரவு ஆம்பூர் பிரியாணி, சிலருக்குக் கூடவே மதுவும். ட்ரைகிளிசரைடு முந்தைய வேளைச் சாப்பாட்டுக்கு உடனே ஆடும். இரவு 8 மணிக்கு எளிய சாப்பாடு, 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். அப்படி எடுத்த எண்ணை நம்புங்கள். 150-க்குக் கீழே இருந்தால் நல்லது. 200-க்கு மேல் அதிகம். 500-க்கு மேல் போனால் நரம்பைப் பற்றிய பேச்சே அப்புறம்தான், கணையம் வீங்கும் ஆபத்து வந்துவிடுகிறது. இன்னொன்று, ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் கணக்குப் போட்டு எழுதும் எல்.டி.எல். எண் செல்லாது. நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

தைராய்டு டெஸ்ட்டும் சேர்த்துக் கேளுங்கள். தைராய்டு குறைந்தால் ட்ரைகிளிசரைடும் ஏறும், காலும் மதமதக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்து, கடைசியில் ஒரே காரணம் என்று தெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## வழி 1: சுகரை மட்டும் இறுக்கிப் பிடிப்பது

டைப் 1 சர்க்கரை உள்ளவர்களுக்கு இதைப்போல வலுவான வழி வேறு இல்லை. 1993-ல் முடிவு வெளியான டி.சி.சி.டி. சோதனையில், சுகரை இறுக்கமாக வைத்தவர்களுக்கு நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் டைப் 2-ல் இந்தப் பலன் மிகச் சிறியது. "சுகர் நார்மல்தாங்க, அப்பவும் கால் எரியுது" என்று ஏன் இத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

அதற்காக சுகரை விட்டுவிட முடியாது. கண்ணும் சிறுநீரகமும் அதை நம்பி இருக்கின்றன. மூன்று மாதச் சராசரி (ரிப்போர்ட்டில் HbA1c என்று இருக்கும்) 9, 10 என்று இருப்பவருக்கு ட்ரைகிளிசரைடு ஏறியதற்கு அந்தச் சுகரே காரணமாக இருக்கலாம். சுகர் இறங்கினால் அதுவும் தானாக இறங்கும். அவருக்கு முதல் வழி இதுதான்.

இதில் மறைந்திருக்கும் செலவு அவசரம். பல வருடம் ஏறிக் கிடந்த சுகரை, மூன்று மாதத்தில் அந்தச் சராசரி 2 புள்ளிக்கு மேல் குறையும்படி தடாலடியாக இறக்கினால், சிலருக்குக் கால் எரிச்சல் புதிதாக, முன்பைவிடக் கொடுமையாக வரும். இன்சுலின் ஆரம்பித்ததும் எரிச்சல் கூடியது என்று பயந்து ஊசியை நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தாமல் டாக்டரிடம் போய், இறக்கும் வேகத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

## வழி 2: ஸ்டாட்டின், அதாவது "கொலஸ்ட்ரால் மாத்திரை"

அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று பெயர் முடியும் மாத்திரைகள். கால் எரிச்சலுக்காக இதைக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு மாதம் போட்டும் எரிச்சல் போகவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். எனக்கு மனசு கேட்காமல் போகும் இடம் இது. ஸ்டாட்டினின் வேலை இதயத்தில். 2004-ல் வெளியான கார்ட்ஸ் சோதனையில், இதய நோய் இல்லாத டைப் 2 நோயாளிகள் 2,838 பேரில் பாதிப் பேருக்கு அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு எல்.டி.எல். பெரிதாக ஏறாவிட்டாலும் டாக்டர்கள் இதை எழுதுவது இதனால்தான்.

நரம்புக்கு? "கொலஸ்ட்ரால் மாத்திரை நரம்பைக் கெடுக்கும்" என்ற பேச்சு சும்மா கிளம்பவில்லை. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் அப்படி ஒரு சந்தேகம் ஆய்வுகளிலேயே எழுந்தது. ஆனால் 2014-ல் டென்மார்க்கின் மருத்துவப் பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், சர்க்கரை கண்டுபிடிக்கப்படும் முன்பே ஸ்டாட்டின் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நரம்புப் பாதிப்பு பின்னாளில் குறைவாகவே வந்தது. நரம்புக்கு மருந்து என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நரம்புக்குப் பயந்து நிறுத்தத் தேவையில்லை என்று சொல்லலாம்.

செலவு குறைவு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். சிலருக்குத் தொடை, புஜம் வலிக்கும், அப்போது டாக்டர் அளவையோ மாத்திரையையோ மாற்றுவார். சுகர் ஒரு துளி ஏறலாம். ட்ரைகிளிசரைடைக் கொஞ்சம்தான் குறைக்கும்.

## வழி 3: ஃபெனோஃபைப்ரேட்

ட்ரைகிளிசரைடை நேராக இறக்கும் மாத்திரை இதுதான். 20 முதல் 50 சதவீதம் வரை இறங்கும். அப்படியானால் எல்லோருக்கும் இதையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதன் கதை கொஞ்சம் சிக்கலானது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பின்லாந்து மூன்று நாடுகளிலும் 9,795 டைப் 2 நோயாளிகளை வைத்து ஃபீல்ட் என்ற சோதனை ஐந்து வருடம் நடந்தது. 2005-ல் முடிவு வந்தபோது ஏமாற்றம். எதற்காகத் தொடங்கினார்களோ, அந்த இதய நோய் போதுமான அளவு குறையவில்லை. ஆனால் கண்ணுக்கு லேசர் வைக்க வேண்டிய நிலை குறைந்திருந்தது. 2009-ல் அதே நோயாளிகளின் கால்களைப் பற்றித் தனியாக ஆராய்ந்தார்கள். விரலையோ காலையோ வெட்டி எடுக்க வேண்டி வந்தது 36 சதவீதம் குறைவு. பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு இல்லாதவர்களிடம், கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெட்டி எடுக்க வேண்டி வந்தது 47 சதவீதம் குறைவு. சிறு ரத்தக் குழாய்களும் நரம்பும் சம்பந்தப்பட்ட இடம் அது. அதனால்தான் இந்த மாத்திரையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை.

இன்னொரு பக்கம், 2010-ல் வெளியான அக்கார்ட் சோதனையில் ஸ்டாட்டினோடு இதைச் சேர்த்ததால் இதயத்துக்குப் பொதுவாகக் கூடுதல் பலன் இல்லை. ட்ரைகிளிசரைடு 204-க்கு மேலும் ஹெச்.டி.எல். 34-க்குக் கீழும் இருந்த ஒரு பிரிவினருக்கு மட்டும் பலன் இருப்பதுபோல் தெரிந்தது. 2022-ல் இதே குடும்பத்தைச் சேர்ந்த புது மருந்து பெமாஃபைப்ரேட்டைச் சோதித்தபோது ட்ரைகிளிசரைடு இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. ஆகவே ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் இதைப் போடுவது தவறு. தேவைப்பட்டால் ஸ்டாட்டினோடு சேர்த்துத்தான்.

மறைந்த செலவு இந்த வழியில்தான் அதிகம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் ஏறும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே நன்றாகக் கெட்டவருக்கு இது கூடாது. ஆகவே ஆரம்பிக்கும் முன்பும் பின்பும் கிரியாட்டினின், கல்லீரல் டெஸ்ட் எடுக்க வேண்டும். பித்தப்பையில் கல் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இதே இனத்தைச் சேர்ந்த ஜெம்ஃபைப்ரோசில் என்ற பழைய மாத்திரை ஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசையைச் சிதைக்கும் ஆபத்து கூடும். வீட்டில் பழைய சீட்டு இருக்கிறது என்று அதைக் காட்டி வாங்கிப் போடாதீர்கள்.

## வழி 4: தட்டையும் எண்ணெயையும் மாற்றி, நடப்பது

நீளமாகச் சொல்ல வேண்டிய வழி இதுதான். "கொழுப்பு ஏறிடுச்சு, அதனால கொழுப்பு சாப்பிடாதே" என்று பாதி மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். முட்டையை நிறுத்துகிறார்கள், நெய்யை நிறுத்துகிறார்கள், சோற்றை மட்டும் குறைப்பதில்லை. ட்ரைகிளிசரைடு பெரும்பாலும் கல்லீரலில் தயாராவது. அதற்குச் சரக்கு, நாம் செலவழிக்காத மாவுச்சத்தும் சர்க்கரையும் மதுவும். காலையில் ஆறு இட்லி, மதியம் குவித்த சோறு, நடுவில் டீக்கடையில் சர்க்கரை போட்ட டீ நான்கு, சாயங்காலம் பஜ்ஜி, இரவில் தோசை. இதில் ஒரு சொட்டு நெய் இல்லாவிட்டாலும் குழாயில் பால் நிற்கும்.

கேழ்வரகு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதக் கூழையும் களியையும் நம் ஊரில் சர்க்கரைக்கு மருந்துபோல நம்புகிறார்கள். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதில் உண்டு, நல்ல தானியம்தான். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். சோறு எவ்வளவு சாப்பிட்டீர்களோ அவ்வளவு களி சாப்பிட்டால் கணக்கு பெரிதாக மாறாது. உருண்டை பாதியாக வேண்டும். மீதி இடத்தில் கீரை, கத்தரிக்காய், பச்சைப்பயறு, கொள்ளு, முட்டை, மீன் வர வேண்டும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். மிச்சிகன் ஆய்வாளர்கள் எலிகளிலும் நரம்பு செல்களிலும் பார்த்தது இது: பால்மிட்டிக் என்ற கொழுப்பு அமிலம் அதிகமானால் நரம்புக்குள் மைட்டோகாண்ட்ரியா நகர்வது தடைப்படுகிறது. ஒலியிக் அமிலம் சேர்ந்தால் அந்த நகர்வு திரும்ப ஒழுங்காகிறது. பன்றிக் கொழுப்பு தின்று நரம்பு கெட்ட எலிகளை ஒலியிக் நிறைந்த சூரியகாந்தி எண்ணெய்க்கு மாற்றியதும், கொழுப்பைக் குறைக்காமலேயே நரம்பு தேறியது. ரேஷனில் வாங்கும் பாமாயிலில் ஏறக்குறைய 40 சதவீதம் பால்மிட்டிக். நம் செம்மண்ணில் விளையும் மல்லாட்டையின் (நிலக்கடலை) எண்ணெயில் அதிகம் இருப்பது ஒலியிக். எலியில் நடந்தது மனிதனிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் எந்த எண்ணெய் என்று முடிவெடுக்க இரண்டு வழி இருக்கும்போது, நான் மல்லாட்டை எண்ணெயைத்தான் வாங்குகிறேன். அளவு முக்கியம். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர், பலகாரம் உட்பட. பாமாயில் தவிர வேறு வாங்க முடியாத வீடு என்றால், அந்தப் பாமாயிலையே குறைத்துச் செலவு செய்வதும் பலன்தான்.

நரம்புக்கு நேரடிச் சான்று இந்த வழியில் ஓரளவு இருக்கிறது. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்து, நரம்பும் பாதித்திருந்த 32 பேருக்கு ஒரு வருடம் சாப்பாடு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்துப் பார்த்த 2006 ஆய்வில், தோலுக்குள் போகும் நுண்ணிய நரம்பு இழைகள் திரும்ப வளர்ந்திருந்தன. சின்ன ஆய்வுதான். அமெரிக்காவில் 5,145 பேரை வைத்து நடந்த லுக் அஹெட் சோதனையிலும் எடையைக் குறைத்தவர்களுக்கு நரம்பு சம்பந்தமான தொந்தரவுகள் குறைவாகவே கூடின.

செலவு என்ன? வீட்டில் ஒருவருக்கு மட்டும் வேறு சமையல் என்றால் அது மூன்று வாரத்துக்கு மேல் ஓடாது. வீடு முழுக்க மாற வேண்டும். அந்தச் சுமை பெரும்பாலும் அம்மா தலையிலோ மருமகள் தலையிலோ விழுகிறது, அதையும் கணக்கில் எழுத வேண்டும். பருப்பும் முட்டையும் மீனும் ரேஷன் அரிசியைவிட விலை அதிகம். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல், செருப்புக் கம்பெனிகளில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பிடுவதே கஷ்டம். அப்புறம் சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சுகர் அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். முதலில் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். உணர்வு குறைந்த காலோடு அதிகாலை இருட்டில் வெறுங்காலில் நடப்பதும் கூடாது.

மது குடிப்பவருக்கு இந்த ஒன்றை நிறுத்துவதே பாதி வைத்தியம். மது ட்ரைகிளிசரைடையும் ஏற்றும், நரம்பையும் தனியாக அழிக்கும்.

## வழி 5: மீன் எண்ணெயும் நரம்பு மாத்திரையும்

கடையில் வாங்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் காப்ஸ்யூலில் வேலை செய்யும் சத்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான். ட்ரைகிளிசரைடைக் கணிசமாக இறக்க நாளுக்கு 4 கிராம் வரை வேண்டும். அது டாக்டர் எழுதும் வேறு தர மருந்து. 15,480 சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு நாளுக்கு ஒரு காப்ஸ்யூல் கொடுத்துப் பார்த்த 2018 ஆய்வில் இதயத்துக்குப் பலன் இல்லை. அந்தக் காசுக்கு வாரம் இரண்டு முறை மத்தி மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள்.

நரம்பு மாத்திரையில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. மெட்ஃபார்மின் பல வருடம் போடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம், சைவம் மட்டும் சாப்பிடுபவருக்கு இன்னும் அதிகமாக. பி12 குறைவும் இதே எரிச்சல், இதே மதமதப்பைத்தான் கொடுக்கும். டெஸ்ட் எடுத்து, குறைவு என்று தெரிந்தால் பி12-தான் உங்களுக்குச் சரியான மருந்து, மற்றதெல்லாம் அப்புறம். டெஸ்ட் எடுக்காமல் கலவை மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவது வேறு விஷயம். அதில் சேரும் பி6 நீண்ட நாள் அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ப்ரிகாபலின், டுலோக்செட்டின் போன்றவை எரிச்சலைக் குறைத்துத் தூக்கம் கொடுக்கும். நரம்பைக் காப்பாற்றுவதில்லை. தூக்கமே போனவருக்கு அது பெரிய உதவி, வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நரம்புக்கு | இதயத்துக்கு | தெரியாத செலவு |
|---|---|---|---|
| சுகர் கட்டுப்பாடு | டைப் 1-ல் நிறைய, டைப் 2-ல் கொஞ்சம் | நாளடைவில் ஓரளவு | வேகமாக இறக்கினால் எரிச்சல் கூடும் |
| ஸ்டாட்டின் | கெடுதல் இல்லை, மருந்தும் இல்லை | மிக நல்லது | தசை வலி சிலருக்கு |
| ஃபெனோஃபைப்ரேட் | கால் இழப்பு குறைந்ததற்குச் சான்று உண்டு | தனியாகப் போதாது | கிரியாட்டினின், கல்லீரல் டெஸ்ட் |
| சாப்பாடு, நடை, எடை | ஓரளவு சான்று உண்டு | நல்லது | வீட்டு உழைப்பு, சுகர் தாழ்வு |
| கடை மீன் எண்ணெய் | சான்று போதாது | இல்லை | மாதாமாதம் வீண் பணம் |
| பி12 | குறைவு இருந்தால் அவசியம் | இல்லை | டெஸ்ட் இல்லாமல் போட்டால் காரணம் மறையும் |

## உங்கள் நிலைக்கு எது?

மூன்று மாதச் சராசரி 9-க்கு மேல், ட்ரைகிளிசரைடு 300: சுகரை நிதானமாக இறக்குங்கள், ஸ்டாட்டின் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், மூன்று மாதம் கழித்துக் கொழுப்பைத் திரும்பப் பாருங்கள். அதற்குள் இன்னொரு மாத்திரையைச் சேர்த்தால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

சராசரி 7, ட்ரைகிளிசரைடு 310, கால் எரிச்சல். எனக்கு அதிகம் வரும் ரிப்போர்ட் இது. ஸ்டாட்டினைத் தொடருங்கள், பி12-ம் தைராய்டும் பாருங்கள், தட்டை மாற்றி மூன்று மாதம் கொடுங்கள். அப்போதும் 200-க்கு மேல் நின்று, ஹெச்.டி.எல். 35-க்குக் கீழே இருந்தால், கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு போய் ஃபெனோஃபைப்ரேட் தேவையா என்று கேளுங்கள். கண் விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருந்தால் அந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடும்.

ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல்: மூன்று மாதம் காத்திருக்கும் வேலை இல்லை, அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். மேல் வயிறு வலித்து முதுகுக்குப் பரவி, வாந்தியும் வந்தால் உடனே மருத்துவமனை.

சிறுநீரகம் கெட்டவர், கர்ப்பிணி, 75 தாண்டியவர்: இந்தக் கட்டுரையை வைத்து எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

## எரிச்சல் நின்றுபோனால்

ஒரு விஷயம் மட்டும் எந்த வழியிலும் அடங்காது. எரிச்சல் தானாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு வந்த ஒரு பெரியவர், குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து என் எதிரில் செருப்பைக் கழற்றினார். அடியிலிருந்து ஒரு ஆணி உள்ளே வந்து குதிகாலில் குத்தியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. எரிச்சல் போனது நரம்பு தேறியதால் இல்லை, நரம்பு முழுதும் செத்துப்போனதால்.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் கற்ற ஊர்களில் வேலூரும் ஒன்று. இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.க்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே அவற்றைக் கெடுக்கின்றன என்று காட்டினார். காட்பாடிப் பக்கம் கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் மையத்திலும் அந்த வேலை தொடர்ந்தது. உணர்வற்ற காலுக்காக இங்கே பரவிய எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரைப் பாதத்துக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். பின்னால் வார் இருக்கிற மாதிரி வாங்குங்கள். உணர்வில்லாத காலில் வார் இல்லாத செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது.

பங்குனி, சித்திரை வெயிலில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்தரையில் வெறுங்காலில் நடந்து, வீட்டுக்கு வந்த பிறகு கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். போக வேண்டும் என்று மனசில் இருந்தால் போவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் தன் விரல் நுனியால் உங்கள் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, மொத்தம் ஆறு இடங்களை, ஒவ்வொன்றாக ஒரு நொடி மெல்லத் தொடட்டும், அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால், இந்த மாதக் கிரிவலத்தை விட்டுவிட்டு, கொழுப்பு ரிப்போர்ட்டோடு காலையும் டாக்டரிடம் காட்டுங்கள்.